பென்ஷன் அதிகமா வந்துடுச்சு, திருப்பிக் கட்டுங்கன்னு பேங்க் சொன்னா... கட்டியே ஆகணுமா?

காலை பத்தரை மணி. பெங்களூரு ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும் மகளுக்கு ஊரிலிருந்து அம்மா போன் செய்கிறார். வழக்கமாக இந்த நேரத்தில் கூப்பிடாதவர். "ஏம்மா, இந்த மாசம் பென்ஷன் பாதிக்குக் கீழதான் வந்திருக்கு. பேங்க்ல போய்க் கேட்டேன். அஞ்சு வருஷமா உங்களுக்குக் கூடுதலா போட்டுட்டோம், எட்டு லட்சம் திருப்பிக் கட்டணும்னு சொல்றாங்க. ஏதோ பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. நான் உங்கிட்ட கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டேன்."

அந்த அம்மா செய்த புத்திசாலித்தனமான காரியம் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், ரயில்வே, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வீடுகளில் ஏதோ ஒரு வடிவில் அடிக்கடி நடப்பது. ஓய்வூதியரின் தப்பு எதுவுமே இருக்காது. யாரோ ஒருவர் ஒரு தேதியைக் கணினியில் ஏற்றாமல் விட்டிருப்பார். அவ்வளவுதான். ஆனால் பில் வருவது அந்த வீட்டுக்கு.

எங்கே தப்பு நடக்கிறது?

அதிகம் நடக்கும் இடம், குடும்ப ஓய்வூதியம். மத்திய அரசு ஊழியர் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு இறந்தால், அவரது மனைவிக்கோ கணவருக்கோ இரண்டு விகிதங்களில் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். முதலில் உயர்த்தப்பட்ட விகிதம்: கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். இது 7 ஆண்டுகள், அல்லது இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் 67 வயது ஆகும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அதன் பிறகு சாதாரண விகிதம், 30 சதவீதம். பணியில் இருக்கும்போதே இறந்தால் உயர் விகிதம் 10 ஆண்டுகள் வரை. (மாநில அரசுகளுக்குத் தனி விதிகள் உண்டு. வயது, ஆண்டுக் கணக்கு கொஞ்சம் மாறலாம்.)

இப்போது கணக்கைப் பாருங்கள். அப்பாவின் கடைசி அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய். 60 வயதில் ஓய்வு, 63 வயதில் காலமாகிறார். அம்மாவுக்கு நான்கு ஆண்டுகள் மாதம் 25,000. அதன் பிறகு 15,000 ஆகக் குறைய வேண்டும். குறைக்க வேண்டிய மாதத்தில் வங்கியின் ஓய்வூதியப் பிரிவு குறைக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு தணிக்கையில் கண்டுபிடிக்கிறார்கள். மாதம் 10,000 வீதம் 60 மாதங்களுக்கு 6 லட்சம் ரூபாய். அந்த 10,000-க்கும் சேர்த்துக் கொடுத்த அகவிலை நிவாரணத்தைக் கூட்டினால் எட்டு லட்சத்தைத் தொட்டுவிடும்.

வேறு வழிகளிலும் இது நடக்கும். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியிருப்பார்கள், அதாவது கம்யூட்டேஷன். அந்தப் பகுதியை மாத ஓய்வூதியத்தில் கழிக்க மறந்துவிடுவது. பணிக்காலத்தில் எப்போதோ ஒரு இன்கிரிமென்ட்டைத் தவறாகப் போட்டு, அந்தத் தவறு கடைசிச் சம்பளம் வரை வந்து, பணிக்கொடையிலும் ஓய்வூதியத்திலும் ஒட்டிக்கொள்வது. ஊதியக் குழு மாறும்போது தப்பான நிலையில் நிர்ணயம் செய்வது. மருத்துவப்படி தகுதி இல்லாமலே தொடர்வது.

எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று: கணக்குப் போட்டது அலுவலகம், சரிபார்த்தது அலுவலகம், பணம் போட்டதும் அலுவலகம் அல்லது வங்கி.

வங்கி ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது?

காரணம் இருக்கிறது. வங்கியின் தவறால் கூடுதல் ஓய்வூதியம் போயிருந்தால், ஓய்வூதியரிடம் வசூல் ஆகிறதோ இல்லையோ, அந்தத் தொகையை வங்கி உடனே மொத்தமாக அரசுக் கணக்கில் கட்டிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அதாவது அரசுக்குப் பணம் போய்விடும், கையைச் சுடுவது வங்கிக்கு. கவுன்டரில் இருப்பவர் "இது கவர்ன்மென்ட் பணம்மா, கட்டித்தான் ஆகணும்" என்று சொல்லும்போது, அது பெரும்பாலும் வங்கி தன் பணத்தைத் தேடும் குரல்.

முன்பு வங்கிகள் ஒரு நடைமுறை வைத்திருந்தன: கணக்கில் இருக்கும் இருப்பில் இருந்து எடு, போதாவிட்டால் கேள், முடியாது என்றால் மாத ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை பிடி. 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அந்தப் பழைய சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற்றது. கூடுதல் தொகையை வசூலிப்பது பற்றி, ஓய்வூதியத்தை அனுமதித்த துறையிடம் வழிகாட்டுதல் கேட்கச் சொன்னது. இது பல கிளைகளுக்கே சரியாகத் தெரிவதில்லை. பழைய பழக்கத்தில் பிடித்தம் தொடங்கிவிடுகிறார்கள்.

அப்படிப் பிடித்த ஒரு வழக்கு நாக்பூரில் நடந்தது. மகாராஷ்டிராவின் பண்டாரா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து 1994-ல் ஓய்வு பெற்றவர், வயது 85. பல ஆண்டுகளாகக் கூடுதலாகப் போய்விட்டது என்று சொல்லி 3,69,035 ரூபாய் வசூலிக்க ஒரு பொதுத்துறை வங்கி பிடித்தம் தொடங்கியது. 2020-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதைச் சட்டவிரோதம் என்றது. அவருக்கு நிர்ணயித்த ஓய்வூதியம் சரியானதே என்று கண்டது. பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, வங்கிக்கு 50,000 ரூபாய் வழக்குச் செலவும் விதித்தது. கவனியுங்கள், இங்கே கூடுதல் பணமே போகவில்லை. வங்கி போட்ட கணக்குதான் தப்பு.

இரண்டு கேள்விகளைக் குழப்பாதீர்கள்

கடிதம் வந்ததும் வீட்டில் நடக்கும் முதல் குழப்பம் இதுதான். "இனிமே எவ்வளவு வரும்?" என்பது ஒரு கேள்வி. "இதுவரைக்கும் வந்ததைத் திருப்பணுமா?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் வேறு.

தவறு நடந்திருப்பது உண்மை என்றால், இனிவரும் மாதங்களுக்குச் சரியான தொகைக்குக் குறைப்பதை யாரும் தடுக்க முடியாது. தப்பாகவே தொடர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. அம்மாவின் ஓய்வூதியம் 25,000-த்திலிருந்து 15,000 ஆகக் குறைவதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். போராட்டம் முழுவதும் அந்த எட்டு லட்சம் பற்றியது மட்டுமே. இரண்டையும் ஒன்றாகப் போட்டு மனு எழுதினால், முதல் விஷயத்தில் தோற்கும்போது இரண்டாவதும் சேர்ந்து அடிபடும்.

உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

இந்த விஷயத்தில் ஓய்வூதியர் சங்கத்துக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் ஒன்று உண்டு: ரஃபிக் மசீஹ் வழக்கு. பஞ்சாப் அரசு தொடர்ந்த மேல்முறையீட்டில் 2014 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு. அலுவலகத்தின் தவறால் கூடுதலாகப் போன பணத்தை வசூலிக்கக் கூடாத ஐந்து சூழல்களை அது பட்டியல் போட்டது.

ஒன்று, குரூப் சி, குரூப் டி ஊழியர்களிடம் வசூலிக்கக் கூடாது. இரண்டு, ஓய்வு பெற்றவர்களிடமும், வசூல் உத்தரவு வந்த ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடமும் கூடாது. மூன்று, உத்தரவு வருவதற்கு முன் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடுதல் தொகை போயிருந்தால் கூடாது. நான்கு, தவறாக ஒருவரை உயர் பதவியின் வேலையைப் பார்க்க வைத்து, அதற்குரிய சம்பளம் கொடுத்திருந்தால் கூடாது. ஐந்தாவது ஒரு பொதுவான கதவு: வசூலிப்பது அநியாயமாகவோ, மிகக் கடுமையாகவோ இருந்து, பணத்தைத் திரும்பப் பெறும் அரசின் உரிமையை விட அந்தக் கொடுமை பெரியது என்று நீதிமன்றம் நினைத்தால் கூடாது.

இந்தப் பட்டியலை மத்திய பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று அலுவலக ஆணையாகவே வெளியிட்டது. ஆகவே மத்திய அரசு அலுவலகம் ஒன்றிடம் எழுதும்போது தீர்ப்பை மட்டுமல்ல, அந்த ஆணையையும் குறிப்பிடலாம். ஆனால் தள்ளுபடி செய்ய மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஒப்புதல் வேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. கீழே இருக்கும் அதிகாரிக்கு நல்ல மனசு இருந்தாலும், தானாகத் தள்ளுபடி செய்ய முடியாததற்கு இதுதான் காரணம்.

தீர்ப்பு ஊழியர்களையும் ஓய்வு பெற்றவர்களையும் பற்றிப் பேசுகிறது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிமார்களின் வழக்குகளிலும் உயர் நீதிமன்றங்கள் இதே அளவுகோலை எடுத்திருக்கின்றன.

2022 மே மாதம் வந்த கேரள ஆசிரியர் வழக்கு, தாமஸ் டேனியல் வழக்கு, இதன் மனிதப் பக்கத்தைக் காட்டுகிறது. 1999-ல் ஓய்வு பெற்றவருக்கு, பணிக்காலத்தில் இன்கிரிமென்ட் தப்பாகக் கணக்கிடப்பட்டது என்று பணிக்கொடையைப் பிடித்து வைத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு கிடைக்க ஓய்வுக்குப் பிறகு 23 ஆண்டுகள். வசூலிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். சொன்ன காரணம் முக்கியம்: கீழ்நிலையில் இருக்கும் அரசு ஊழியர் கைக்கு வரும் சம்பளம் குடும்பச் செலவுக்கே போய்விடும். தனக்கு உரியது என்று நம்பி ஆண்டுக்கணக்கில் செலவழித்ததை ஒரு நாள் திடீரென்று கேட்டால் அது தாங்க முடியாத சுமை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னது. இந்த நிவாரணம் ஊழியருக்கு உள்ள உரிமையால் கிடைப்பதல்ல, கஷ்டத்தைப் பார்த்து நீதிமன்றம் காட்டும் பரிவால் கிடைப்பது. ஆகவே "சட்டப்படி கட்ட வேண்டியதே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பதிவை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

2025 ஏப்ரலிலும், ஒடிசா நீதிமன்றங்களில் ஸ்டெனோகிராபர்களாகவும் தனி உதவியாளர்களாகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் வசூலிக்கும் உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அந்த ஒரு கையெழுத்து

இப்போது அரசுத் தரப்பு கையில் இருக்கும் துருப்புச் சீட்டு. 2016 ஜூலையில் ஜக்தேவ் சிங் என்ற வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது: கூடுதலாக ஏதாவது வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்கூட்டியே உறுதிமொழிக் கடிதம் கொடுத்தவர், அதற்குக் கட்டுப்பட்டவர். ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது அவருக்கு உதவாது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாத ஓய்வூதியரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஓய்வூதியக் கணக்கு திறக்கும்போது கொடுக்கும் படிவக் கட்டில் அதுவும் ஒன்று. ஊதியக் குழு பலன்களுக்கான விருப்பப் படிவத்திலும் அந்த வரி இருக்கும். கணவர் இறந்த மாதத்தில், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, வங்கியில் நீட்டிய எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்ட ஒருவருக்கு இது எங்கே ஞாபகம் இருக்கும்?

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. ஜக்தேவ் சிங் ஒரு நீதித்துறை அதிகாரி, பெரிய பதவி. அந்தத் தீர்ப்பு பேசியது ரஃபிக் மசீஹ் பட்டியலின் இரண்டாவது சூழலைப் பற்றி. கீழ்நிலை ஊழியர்கள், ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய தொகைகள் பற்றிய வாதங்களை உயர் நீதிமன்றங்கள் தனியாகப் பார்த்திருக்கின்றன. எல்லா நீதிமன்றமும் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை என்பதும் உண்மை. முதல் வேலை, அந்த உறுதிமொழிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குவது. எந்தத் தேதியில், எதற்காக, யாரிடம் கொடுத்தது என்று பார்ப்பது. சில நேரங்களில் கடிதம் கோப்பிலேயே இருக்காது.

இன்னொரு பலவீனமும் இருக்கிறது. தெரிந்தே வாங்கினார் என்று காட்டினால் பரிவு கிடைக்காது. குடும்ப ஓய்வூதிய ஆணையில் உயர் விகிதம் எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கும். "உங்க கையில இருந்த பேப்பர்லயே போட்டிருக்கே" என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருக்கும் அதை அம்மா படித்திருக்க வாய்ப்பில்லை என்பதை மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடிதம் வந்துவிட்டது, முதலில் என்ன செய்வது?

எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். "தவணையில் கட்ட சம்மதிக்கிறேன்" என்ற தாள் ஒரு உதவி மாதிரிதான் நீட்டப்படும். போட்டுவிட்டால், தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அந்த அம்மா "கேட்டுட்டு வர்றேன்" என்று சொன்னது அதனால்தான் சரி.

கவுன்டரில் வாதாடுவதில் பயனில்லை. எழுத்தில் கேளுங்கள்: எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை, மாதாமாதம் வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எந்த உத்தரவின் பேரில் வசூல். இந்தக் கணக்குத் தாள் இல்லாமல் ஒரு ரூபாயைப் பற்றியும் பேச வேண்டாம். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனு. 30 நாட்களில் பதில் தர வேண்டும். எக்ஸெல் தெரிந்த மகளோ மகனோ ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பாஸ்புக் வரவுகளோடு ஒப்பிட்டால், பல நேரம் வங்கியின் கணக்கிலேயே ஓட்டை கிடைக்கும். அகவிலை நிவாரணச் சதவீதத்தைத் தப்பாகப் போட்டிருப்பார்கள், நிலுவையில் இருந்து ஏற்கெனவே கழித்ததை மறுபடி சேர்த்திருப்பார்கள்.

முன்னறிவிப்பு வந்ததா என்பதும் பெரிய விஷயம். மத்திய அரசு ஓய்வூதிய விதிகளின்படி, ஓய்வு பெற்றவரிடம் கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்க அலுவலகத் தலைவர் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். கட்டாவிட்டால்தான் மாத ஓய்வூதியத்தில் பிடிக்கலாம். எழுத்துப் பிழை என்று சொல்லி, இரண்டு ஆண்டுகள் கழித்து ஓய்வூதியத்தைக் குறைப்பதற்கும் ஓய்வூதியத் துறையின் இசைவு வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் பிடித்திருந்தால், அதுவே தனிப் புகார்.

பதில் மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. தவறு யாருடையது, எதையும் மறைக்கவில்லை, கணவர் எந்த நிலை ஊழியர், எத்தனை ஆண்டு பழைய தொகை, வயது என்ன, மருந்துச் செலவு என்ன. இவை ஒரு பக்கத்தில் அடங்கும். பதிவுத் தபாலில் வங்கியின் ஓய்வூதியப் பிரிவுக்கு ஒன்று, ஓய்வூதியத்தை அனுமதித்த துறைக்கு ஒன்று.

எங்கே முறையிடலாம்?

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு சிபென்கிராம்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. மாநில ஓய்வூதியர்கள் கருவூலத்தில் மனு கொடுத்துவிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஓய்வூதியர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். வங்கியின் நடத்தை பற்றியது என்றால், முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நீதிமன்றம் என்றால் மத்திய அரசு சார்ந்தவர்களுக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு, மாநில அரசு சார்ந்தவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு.

"வக்கீலுக்குக் கொடுக்கக் காசு எங்க இருக்கு?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு ஒரு தகவல். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிந்தால்?

அப்போதும் மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. ஜக்தேவ் சிங் வழக்கிலேயே, வசூலை அனுமதித்த நீதிமன்றம், இரண்டு ஆண்டுகளில் நியாயமான தவணைகளாக வசூலிக்கச் சொன்னது. ஒரு ஓய்வு பெற்ற அதிகாரிக்கே அந்த அவகாசம் என்றால், 15,000 ரூபாயில் வாழும் ஒருவர் இன்னும் நீண்ட தவணை கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. வீட்டு வாடகை, மருந்து, மின்கட்டணம் போக மாதம் எவ்வளவு முடியும் என்று எண்ணோடு எழுதிக் கேட்க வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காத இடம்

அப்பா இறந்த பிறகும் அவர் பென்ஷன் கணக்கில் பணம் வந்துகொண்டே இருக்கும். ஏடிஎம் கார்டு பையன் கையில். "காரியச் செலவுக்கு எடுத்துக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று ஒரு மாதம், இரண்டு மாதம் ஓடிவிடும். இது மேலே சொன்ன எந்த வகையிலும் சேராது. ஓய்வூதியம் இறந்த நாள் வரைதான். அதற்குப் பிறகு எடுத்தது முழுவதையும் திருப்பித்தான் ஆக வேண்டும், தெரிந்தே தொடர்ந்தால் மோசடி வழக்கு வரை போகும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே வங்கிக்கோ கருவூலத்துக்கோ எழுத்தில் சொல்லி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைப்பது நல்லது. அம்மாவின் குடும்ப ஓய்வூதியமும் அப்போதுதான் தொடங்கும்.

பிஎம் கிசான் 6,000 ரூபாயிலும் இதே கேள்வி வருகிறது. தகுதி இல்லாமல் வாங்கியதை அரசு திரும்பக் கேட்கிறது, ரஃபிக் மசீஹ் பட்டியல் அங்கே உதவாது. வருமான வரி கட்டுபவர்களுக்கு அந்தத் தொகை கிடையாது. ஆனால் அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் மட்டுமே. ஐடி கம்பெனியில் இருக்கும் மகன் வரி கட்டுகிறான் என்பதற்காக, தன் பெயரில் நிலம் வைத்து உழும் அப்பாவின் பணம் நிற்காது. ஊரில் யாராவது பயமுறுத்தினால் இதைச் சொல்லலாம்.

இந்த வார இறுதியில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். பீரோவில் இருக்கும் பிபிஓ என்ற ஓய்வூதிய ஆணையை எடுத்து, குடும்ப ஓய்வூதியப் பகுதியில் உயர் விகிதம் முடியும் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதி தாண்டியும் பாஸ்புக்கில் தொகை குறையவில்லை என்றால், வங்கி கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே எழுத்தில் தெரிவித்துவிட்டு, கூடுதலாக வருவதைத் தொடாமல் தனியாக வையுங்கள். மூன்று மாதக் கணக்கைச் சரிசெய்வது வேறு, எட்டு லட்சத்துக்கு ரிட் மனு போடுவது வேறு.